வலது பக்கம்

டுப்ளிகேஷன் வீதி, நாலாம் மாடி.
ஏசி பழுது. ஜன்னலைத் திறந்தால் ஹோர்ன் சத்தம்,
மூடினால் மத்தியானத்து மாலு பாண் மணம்.
வெள்ளைப் பலகையில் ரிஸ்மி எழுதினான்:
வேகம். எளிமை. பாதுகாப்பு.
எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான்
சுவருக்கு முதல் பூச்சு அடித்தவன் மாதிரி.

"இதை வேண்டாமென்பவர் யார்?" என்றாள் இஷாரா.
"மெதுவாக, சிக்கலாக, ஆபத்தாக
ஒரு மொழி செய்வோமென்று
எந்த ஊரில் யார் கூட்டம் போட்டிருக்கிறார்கள்?"

ஒருவரும் மறுக்க முடியாதது இலக்கில்லை,
தேர்தல் சுவரொட்டி.

பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தாள்.
இடது பக்கம் வேண்டியது.
வலது பக்கம், அதற்காக விடப்போவது.
அதன்பிறகு ஒரு மணி நேரம்
ஒரு பக்கத்திலும் ஒன்றும் ஏறவில்லை.

ரிஸ்மி மார்க்கர் மூடியைக் கடித்தான்.
அவனது முந்திய வேலை ஒரு வங்கியில்:
நள்ளிரவில் வட்டி கணக்கிடும் நிரல்.
எழுதியவர் மெல்பேர்னில் குடியேறிவிட்டார்.
ஐந்து வரியில் சொல்லக்கூடியதை
ஒரே வரியில் மடித்துவைத்த கெட்டித்தனம்;
விரித்துப் பார்க்க ஏழு வாரம் பிடித்தது.
"எழுதுபவருக்குச் சிரமம்" என்று
வலது பக்கத்தில்தான் முதலில் எழுதினான்.
பிறகே இடது பக்கம்:
"வாசிப்பவருக்கு இலகு."

பிளேன்ரீ வந்தது. சீனி கூட.
"உங்கள் மொழியிலும் வினை கடைசியில்தானே?"
ஓம், இஷாரா. எங்களிலும் கடைசியில்தான்.
கடைக்குப் போய்க் காசு கொடுத்துப் பாண் வாங்கு.
நாங்கள் மூவரும்
சாமான்களையெல்லாம் பரப்பி வைத்துவிட்டு
ஆறுதலாக வேலையைச் சொல்கிறவர்கள்.
விசைப்பலகையில் கை வைத்தால் மட்டும்
முதல் சொல்லிலேயே அதட்டத் தொடங்குகிறோம்:
அச்சிடு! திற! மூடு! அழி!
பொருள் முன்னே, வினை பின்னே வந்தாலென்ன?
கொஞ்ச நேரம் மூவரும் எழுந்தே நின்றுவிட்டோம்.

வலது பக்கம்: "வெளியிலிருந்து வருபவர்
முதல் வாரம் தடுமாறுவார்."

நாங்கள் தடுமாறிய வாரங்களை
எவரும் எந்தப் பலகையிலும் எழுதிவைக்கவில்லை.
ஆனாலும் அந்த வரிக்கு
நான்தான் கேள்விக்குறி போட்டேன்.
பழிவாங்குவது இலக்காகாது.

பிறகு என் முறை.
பம்பலப்பிட்டியில் அறை எடுத்த வருடம்
பொலிஸ் பதிவுப் படிவம் மூன்று தடவை திரும்பியது.
கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு கை
பிழை என்று மட்டும் தள்ளிவிட்டது.
எந்த வரி, எந்தக் கட்டம், சொல்லவில்லை.
தாள் பிழையா நான் பிழையா, அதுவும் இல்லை.
நான்காம் நாள் வேறொருவர் முத்திரை குத்தினார்.
அதே தாள்.
எது பிழையென்று இன்றுவரை தெரியாது.

இடது பக்கம் எழுதினேன்:
பிழைச்செய்தி இடத்தைக் காட்டும்,
ஆளைக் காட்டாது.

வலது பக்கம் நீண்டுகொண்டே போனது:
கம்பைலர் மூன்று மடங்கு பருக்கும்,
முதல் வெளியீடு அடுத்த வருடத்துக்குத் தள்ளும்,
ரிஸ்மியின் மச்சானிடம் வாங்கிய காசு
பெப்ரவரியில் தீரும்.
இஷாரா ஒன்றும் கேட்கவில்லை.
அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.
பலகையில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

"பொதுப் பயன்பாடு" என்ற தலைப்பு
மேலே தனியாக நின்றது.
முன்னுரையில் 'நாம்' என்பதா 'நாங்கள்' என்பதா
என்று கேட்டேன். அவள் மொழியில்
இரண்டுக்கும் ஒரே சொல்லாம்.
"எங்களுக்குச் சுகம்" என்று சிரித்தாள்.
எனக்கு அது சுகமா என்று தெரியவில்லை.

மஃரிபுக்கு ரிஸ்மி கீழே இறங்கினான்.
கடற்கரையோரம் ரயில் போகும் சத்தம்,
வாசலில் தொங்குகிறவர்களோடு.
அரைப்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை
நாளைக்கு இருக்கிறது.

விளக்கணைக்க முன் பலகையைப் படம் எடுத்தேன்.
வலது பக்கம் நிறைந்து வழிந்தது.
இடது பக்கம்
இரண்டரை வரி.