மூலை வரைக்கும்

காதர் நவாஸ் கான் சாலைக் கடையில்
சுவர்களை ஒரு அடிச் சதுரங்களாக்கி
அடுக்கியிருந்தார்கள்.
தொட்டுப் பாருங்க மேடம், என்றாள் ரெஹானா.
சுண்ணாம்பு, பளிங்குத்தூள், மைக்ரோ சிமெண்ட்,
கூழாங்கல்லால் இழைத்து இழைத்து
சோப்பு ஊட்டிய மொராக்கோ வழவழப்பு.
எல்லாமே சீம்லெஸ்.
டைல்ஸ் மாதிரி இடுக்கில் கறுப்பு அண்டாது.

சற்குணத்துக்கு ஒரே கேள்வி:
உள்ளேயிருந்து வர்றதை மறைக்குமா?

என் பிழைப்பும் மாவில்தான்.
பல் லேபில் நாளைக்கு முப்பது வாய்.
தண்ணீரில் தூவி, குமிழி போகத் தட்டி
அச்சில் ஊற்றினால்
பத்தாம் நிமிடம் கையைச் சுடும்.
யார் யாருடைய கடைவாயோ
என் மேசையில் திறந்தபடி இறுகும்.
அந்தப் பழக்கத்தில்
அவள் நீட்டிய பலகையை நகத்தால் சுரண்டினேன்.
சிரிப்பு மாறாமல்
பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வேளச்சேரியில் எங்களுக்குத் தரைத்தளம்.
அந்த டிசம்பரில் ஏரி
தன் பழைய விலாசம் தேடி வந்து
கூடத்தில் மூன்று நாள் தங்கியது.
போகும்போது நெஞ்சளவில் ஒரு கோடு.
நாலு தடவை பெயிண்ட் அடித்தாயிற்று.
ஐப்பசி பிறந்தால்
டிகாஷன் நிறத்தில் எழுந்து நிற்கும்,
நாலு சுவரையும் சுற்றி, ஒரே மட்டத்தில்.
எங்கள் வீட்டில் ரசமட்டம் பிசகாத வேலை
அது ஒன்றுதான்.

மாசிலாமணி ஈரமானியோடு வந்தார்.
கோட்டுக்கு மேலே எட்டு.
கீழே இருபத்தொன்று.
பூசி மெழுகிப் பேச வராதுங்க,
பூசத்தான் வரும், என்றார்.
பழசைக் கொத்தி, உப்பை எடுத்து
மூணு மாசம் காயப்போடணும்.
சுண்ணாம்பு மூச்சு விடும்.
அது விடுற மூச்சுக்கு நான் பொறுப்பில்ல.

சதுர அடி இருநூற்றி எண்பது.
கால்குலேட்டரை அவரும் நானும் தனித்தனியாகத் தட்டினோம்.
ஒரு சுவருக்குத்தான் வந்தது.

டிவி சுவர், என்றார் சற்குணம், வர்றவங்க பார்ப்பாங்க.
டிவிக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்?
நான் கேட்டது மேற்கு ஜன்னலை ஒட்டிய சுவர்.
நாலு மணி வெயில் பக்கவாட்டில் உரசி
கரண்டித் தழும்பெல்லாம் காட்டிக் கொடுக்கும் சுவர்.
சாப்பிடும்போது என் கண் போகிற சுவர்.
அது கஷ்டமான சுவரும்மா, என்றார் மாசிலாமணி,
ஆனால் அதைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதிரிச் சதுரங்கள்:
சாம்பல், தந்தம்,
வெல்லப்பாகு என்று பெயர் வைத்த ஒரு மங்கல்.
இரண்டு வாரம் அவற்றோடு குடித்தனம்.
ட்யூப்லைட் போட்டால் மூன்றும் ஒன்றுதான்.
கடைசியில் பாகு,
சண்டையில்லாமல், களைப்பால்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள், மூன்று பேர்.
இனி மூலை வரைக்கும் நிறுத்தக்கூடாது.
ஈர விளிம்பு காய்ந்தால் ஒட்டு தெரிந்துவிடும்.
டீ ஆடை கட்டியது.
சிலிண்டர்காரன் மணியடித்துவிட்டுப் போனான்.
ஃபேன் போடவும் தடை.
பதினொன்றரைக்கு வானம் இருட்டி, கரண்டும் போக
அவர் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி,
செல்போன் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தோம்.
கரண்டிகள் ஒன்றையொன்று துரத்தின.
கல்யாண போட்டோவுக்குக்கூட
இவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை.

மூலைக்கு வந்ததும் மாசிலாமணி கேட்டார்:
இங்கேயே முடிச்சுடவா,
அந்தப் பக்கம் ஒரு விரல் திருப்பவா?
அந்தப் பக்கம் கோடு காத்திருந்தது.
முடிச்சுடுங்க, என்றேன்.

இப்போது அது மூன்று சுவரைச் சுற்றி வந்து
மூலையில்
செருப்பைக் கழற்றியதுபோல் நின்றுவிடுகிறது.
புதுச்சுவரில் கை வைத்தேன்.
என் அச்சுகள் மாதிரி சுடவில்லை.
குளிர்ந்திருந்தது. ஈரமா, இயல்பா, தெரியவில்லை.

ரெஹானா போன் செய்தாள்:
எத்தனை ஸ்டார் தருவீங்க சார்?
சற்குணம் சுவரைப் பார்த்தார்,
பிறகு காலண்டரை.
ஐப்பசி போகட்டும்மா, சொல்றோம்.