இருபதாம் கிழமைக்கு முன்

அவள் பெயர் ஹேரின்.
இரண்டாம் நாளே பிள்ளைகள் வாயில் கேரின் மிஸ்.
கொரியாவிலிருந்து ஆங்கிலம் படிப்பிக்க மண்டூருக்கு வந்தவள்.
"வெள்ளைக்காரி எண்டுதானே சொன்னாங்கள்" என்று
அதிபர் என் காதுக்குள் ஏமாந்தார்.

மூன்றாம் வகுப்பு. முப்பத்தொரு பிள்ளைகள்.
நெல் ஆலை தந்த கலண்டரைப் பின்பக்கம் திருப்பி
அடிமட்டம் வைத்து நாற்பது பெட்டி கீறினாள்.
நான் பக்கத்தில் இருந்து அழித்தேன்.
தையில் வெள்ளாமை வெட்டு, பாதி வாங்கு காலி.
வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு.
கோயில் கொடியேறினால் அதற்கு முதல் கிழமையே
பிள்ளைகளுக்குக் காது கேளாது.
மாரி வெள்ளம், அது திகதி சொல்லி வராது.
நாற்பது முப்பத்தொன்றானது.
"இது பாடத்திட்டமா, பஞ்சாங்கமா?" என்றாள்.
பஞ்சாங்கம் என்ற சொல்லைப்
போன கிழமைதான் நான் கொடுத்திருந்தேன்.

முதல் அலகு பேச்சு என்றாள்.
கப்புகனார் வாயைக் கட்டிப் பூசை செய்கிற ஊர் இது,
பேச்சை இரண்டாவதாய் வைப்போம் என்றேன்.
பகிடி என்று விளங்க
ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் எடுத்தது அவளுக்கு.

மறுகா அந்தச் சின்னச் சொல், 'த'.
அவள் மொழியில் இல்லை. என் மொழியிலும் இல்லை.
எங்கே வரும் எங்கே வராது என்று
இரண்டு பேருக்கும் சட்டம் தெரியும், நாக்குக்குத் தெரியாது.
அது இல்லாமலே சூரியன் உதித்த ஊர்க்காரிகள் இருவர்
'த சன்' என்று எழுதிச்
சரியா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
இருபதாம் கிழமைக்குத் தள்ளிவிட்டோம்.
எனக்கு அப்போதுதான் அவளைப் பிடித்தது.

ஏழாம் கிழமை: பள்ளிக்கு எப்படி வருகிறாய்?
பஸ், சைக்கிள், கோச்சி, நடை.
படங்கள் அவளே வரைந்தவை. கோச்சி நல்ல வடிவு.
இந்தக் கரைக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.
குருமண்வெளி யதுர்ஷிகா எழும்பினாள்.
"பை பாதை, மிஸ்."
ஹேரின் கைப்பேசி அகராதியைத் தட்டினாள்:
பாதை என்றால் ரோட்டு.
ரோட்டில் எல்லாரும்தானே வருகிறார்கள்?
"இல்ல மிஸ், தண்ணியில போறது.
மோட்டசைக்கிளும் ஏறும், மாடும் ஏறும்,
நீங்களும் அதிலதான் வாறீங்க!"
அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.
மூன்று மாதமாய் ஏறி இறங்கியவள்,
பெயர் கேட்கத் தோன்றவில்லை.
'போட்' எழுதலாம் என்றேன், 'ஃபெறி' என்றேன்.
பென்சிலால் தமிழில் 'பாதை' என்றே எழுதினாள்,
கால் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றது.

ஒன்பதாம் கிழமை மணிக்கூடு.
ஒன்பது மணி வைக்கச் சொன்னால்
டிவேனுஜன் கடுதாசி முள்ளை ஆறரையில் வைத்தான்.
நான் சிவப்புப் பேனையைத் திறந்தேன்.
"அம்மாட நேரம், மிஸ். தம்மாம்."
கழித்தல் கணக்கில் முட்டை வாங்குகிறவன்.
இந்த இரண்டரை மணித்தியாலம் மட்டும் பிழைக்காது.
ஹேரின் இன்னொரு வட்டம் வெட்டினாள்.
"என் அம்மாவுக்குப் பன்னிரண்டரை" என்று
அவனுடையதற்குப் பக்கத்தில் ஒட்டினாள்.
அந்தப் பாடவேளையை எந்த அலகில் பதிவது என்று
இன்றைக்கும் தெரியவில்லை.

வலயத்திலிருந்து ஆலோசகர் கோணேசமூர்த்தி சேர் வந்தார்.
கலண்டரைத் தூக்கிப் பிடித்து வாசித்தார்.
"ஆங்கிலப் பாடத்துக்குள்ள தமிழ் என்னத்துக்கு?"
பாதையின் மேல் ஒரு சிவப்புக் கோடு.
பள்ளி விடுகிற நேரம் பையைத் தூக்கியவர்
வாசலில் நின்று எங்களிடம் கேட்டார்,
"அடுத்த பாதை எத்தின மணிக்கு?"

யதுர்ஷிகா செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்,
"த பாதை கோஸ் அட் டூ, சேர்."

ஹேரின் என்னைப் பார்த்தாள்.
அதை நாங்கள் இன்னும் படிப்பிக்கவில்லை.