தண்ணீரைக் கலைப்பவன்

பத்து மீட்டர் மேலிருந்து பார்த்தால்
அசையாத தண்ணீர் கண்ணுக்குத் தட்டுப்படாது.
எங்கே தொடங்குகிறது என்று தேடுவதற்குள்
உடம்பு போய்ச் சேர்ந்துவிடும்.
அதனால்தான் எனக்கு அந்த வேலை.
ரோஸ்டாக் நீச்சல் அரங்கில் பதினெட்டு வருடம்
ரப்பர் குழாயும் கையுமாய் நின்று
குளத்தின்மேல் தூறல் போட்டேன்.
கூரைக்குக் கீழே ஒரு மழை. சம்பளம் சொற்பம்.

ஹைட்ரூன் பாகெல்ஸை
நான் எப்போதும் கீழிருந்தே பார்த்தேன்.
முதலில் இரண்டு குதிகால்கள்
மேடை விளிம்புக்கு வெளியே, அந்தரத்தில்;
வலது குதிகாலில் ஒரு பிளாஸ்திரி.
பிறகு ஒன்றரை விநாடி.
அதற்குள் எத்தனை சுற்று, எத்தனை முறுக்கு என்று
ஏழு நடுவர்கள் அட்டையில் சொன்னார்கள்.
எனக்கு வாய்த்தது சத்தம் மட்டும்.
மற்றவர்கள் விழுந்தால் சளக்.
அவள் விழுந்தால்
துணிக்கடைக்காரன் மல்லுத்துணியைக் கிழிப்பதுபோல்
ஒரே இழுப்பு.
நீர் மூடிக்கொள்ளும்.
என் தூறலின் வட்டங்கள் மட்டும்
ஒன்றுமே நடக்காத மாதிரி.

மூன்று நாடுகளிலிருந்து தங்கம் கொண்டுவந்தாள்.
மந்திரி கைகுலுக்கிய படம் நாளிதழில் வந்தது.
அதன் இடது ஓரத்தில் என் குழாயின் நுனி.
கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டினேன்.
'இதில் நீ எங்கே?' என்றாள் மார்லீஸ்.

எழுபத்தெட்டு நவம்பர்.
வெறும் பயிற்சி நாள், பார்க்க ஆளில்லை.
எதிர்க்கடைக்கு ஆரஞ்சு வந்திருக்கிறது என்று
யாரோ ஓடிவந்து சொன்னார்கள்.
ஆரஞ்சு என்றால் அப்போது வரிசை,
வரிசை என்றால் முக்கால் மணி நேரம்.
குழாயை மூடிவிட்டுப் போனேன்.

திரும்பும்போது பையில் நாலு ஆரஞ்சு.
வாசலிலேயே கேட்டது.
கிழியும் சத்தம் இல்லை.
கதவை ஓங்கி அறைந்தாற்போல் ஒன்று.

குளம் பளிங்காய்க் கிடந்திருக்கிறது.
கூரையின் விளக்குகள் அதற்குள் எரிந்திருக்கின்றன.
எது மேல், எது கீழ்
என்று அவள் கண்டாளோ.
இடது கண்ணில் விழித்திரை பிரிந்தது.
இருபத்து மூன்று வயது.

விசாரணையில் என்னை நிற்கவைத்தார்கள்.
அவள் கட்டுப்போட்ட முகத்தோடு சொன்னாள்:
'தூறல் இருந்தது. நான்தான் பிசகினேன்.'
எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அதன்பின் அந்த நாடே இல்லாமல் போயிற்று.
அரங்குக்கு அவள் பெயர் வைத்தார்கள்;
பித்தளைப் பலகையை யாரும் படிப்பதில்லை.
ஆனால் பெயர் புழங்குகிறது.
வயிறு அடிபட விழுவதற்கு
இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் வேறு சொல் கிடையாது.
'ஒரு பாகெல்ஸ் அடிக்கிறேன், பாரு!'
சிவந்த தொப்பையைத் தடவிக்கொண்டு
கரையேறுகிறான் ஒருவன், வெற்றிவீரனாய்.
யார் பெயர் என்று அவனுக்குத் தெரியாது.

வியாழக்கிழமைகளில் அவள் வருகிறாள்.
டிக்கெட் வாங்கிக்கொண்டு, முதல் தடத்தில்,
சுவர் இடப்பக்கம் இருக்கும்படி நீந்துகிறாள்.
தூறல் இப்போது எந்திரம் போடுகிறது.
எனக்கு வெந்நீர்த் தொட்டி, மூட்டுவலிக்கு.

போன வாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
நாற்பது வருடத்தில் முதல்முறையாகக் கேட்டாள்:
'அந்த ஆரஞ்சு இனிப்பாக இருந்ததா?'

எனக்கு நாக்கு எழவில்லை.
கடைசியில், 'நார்' என்றேன். 'வெறும் நார்.'

அப்போது மேலிருந்து ஒரு பொடியன்
கைகால் விரித்துத் தொப்பென்று விழுந்தான்.
எங்கள் இருவர் முகத்திலும் தண்ணீர்.
அவள் நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டு,
'நாலரை,' என்றாள்.
'முழங்கால் சேரவில்லை.'