இடக்கொம்பு

மூன்றரை வருஷம் இல்லை.
1709 மார்ச்சில் ஒரு குழந்தைக்கு நீர் தெளித்துவிட்டு
பெயர் எழுதப் போன போதகரின் இறகு
‘பார்’ என்பதோடு நிற்கிறது.
பார்பராவா, பார்த்தொலொமேயுவா, தெரியாது.
அடுத்த வரி 1712 அக்டோபர்.
வேறு கை, வேறு மை,
ஒன்றுமே நடக்காததுபோல் இரட்டைக் குழந்தைகள்.

காப்பகத்து ரெகுலா ஃபாங்கவுசர்
கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு சொன்னாள்:
காய்ச்சலாக இருக்கலாம். நெருப்பாக இருக்கலாம்.
எலியாகவும் இருக்கலாம்.
சோம்பேறிப் போதகர்களும் இருந்திருக்கிறார்கள்.

என் பெண்டிக்ட் அந்த ஓட்டைக்குள் பிறந்தவன்.
1734-இல், திருமணப் பதிவில்,
கதவு தட்டாமல் வந்தவன்போல் நிற்கிறான்.
வயது இருபத்து நான்கு, குத்துமதிப்பாக.
தகப்பன் கிறிஸ்டன் சால்ஃபிஸ்பெர்க்.
தாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு.

நான் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவள்.
விடியாத நாலு மணிக்கு
எம்மென்டால் மேட்டில் சாலை என்று ஒன்று கிடையாது.
இருபுறமும் நட்ட கம்பங்கள் உண்டு.
நடுவே இருப்பதைச் சாலை என்று நம்பி
பன்னிரண்டு டன்னை உருட்டிக்கொண்டு போவேன்.

அப்படித்தான் தேடினேன்.
ஓட்டைக்கு முன்னும் பின்னும், பக்கத்துப் பண்ணைகளில்
யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் ஞானத்தாய், யார் ஞானத்தகப்பன்.
எல்லாரும் எல்லாருக்கும் நின்றிருக்கிறார்கள்,
கடன் பாக்கி வைத்தவனுக்குக்கூட.
சால்ஃபிஸ்பெர்க் வீட்டார் மட்டும்
ஒருவருக்கும் நிற்கவில்லை.
இது கண்ணில் பட எனக்கு மூன்று குளிர்காலம்.

அப்படியென்றால் வேறு அலமாரி, என்றாள் ரெகுலா.

திருச்சபையின் ஒழுக்க விசாரணைப் புத்தகம்.
குடித்தவன், மனைவியை அடித்தவன்,
ஞாயிற்றுக்கிழமை புல் அறுத்தவன்.
அவர்களுக்கு நடுவே, மே 1710:
கிறிஸ்டனின் மனைவி எல்ஸ்பெத்
பிள்ளையைத் திருமுழுக்குக்குக் கொண்டுவரவில்லை.
ஏன் என்றதற்கு,
வளர்ந்து அதுவே கேட்கட்டும் என்றாள்.
அபராதம் பத்துப் பவுண்டு. கையில் இல்லை.
ஆகவே பசு ஒன்று பிடிக்கப்பட்டது.
செவலை, நெற்றியில் வெள்ளை,
இடக்கொம்பு உள்நோக்கி வளைந்தது,
வயது ஆறு, சினை.

பிள்ளைக்கு ஒரே சொல்: பிள்ளை.
ஆணா பெண்ணா என்றுகூட இல்லை.

அந்தப் பதிவேடு முழுசாகக் கிடைத்திருந்தாலும்
அவன் அதில் இருந்திருக்க மாட்டான்.
நான் மூன்று வருஷம் எலியைத் திட்டினேன்.

இது அவன்தானா என்று சத்தியம் செய்ய முடியாது.
அண்ணனாக இருக்கலாம், செத்துப்போன அக்காளாக இருக்கலாம்.
ஆனால் கோட்டுக்குக் கீழே இப்போது
எல்ஸ்பெத் என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன்,
அழுத்தாமல்.

விஸ்கான்சினிலிருந்து டெல்மர் அழைத்தான்.
பிறந்த தேதி போடாவிட்டால்
அவன் கணினி அடுத்த தலைமுறைக்கு விடாதாம்.
மே 1710-க்கு முன், என்றேன்.
சான்று?
ஒரு பசு, என்றேன்.
கொஞ்ச நேரம் அவன் பக்கம் சத்தமில்லை.

அதன் கன்று
யார் தொழுவத்தில் விழுந்தது என்று
எந்த அலமாரியிலும் இல்லை.
பார்த்துவிட்டேன்.