பதினாறில் ஒன்று

மே மாதம். இரவு பதினொன்றரை.
ஐஸ்லாந்தின் வட கரையில்
இருட்டு விடுப்பில் போயிருக்கிறது.
எனக்கு விடுப்பு இல்லை.
வியாழக்கிழமை அகுரேரியில் உயிரியல் தேர்வு.
நாற்பத்தொரு வயதில், இரண்டாம் முறை.

நோட்டை வைக்கோல் கட்டின்மேல் கவிழ்த்துவிட்டு
முழங்கைவரை சோப்பு பூசி
ஸ்நோத்ராவுக்குள் கைவிடுகிறேன்.
இரண்டு குளம்பு, பிறகு ஒரு மூக்கு.
குட்டிக்குத் தன் வரிசை தெரிந்திருக்கிறது.
புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அப்புறம்?
எனக்குத்தான் தெரிவதில்லை.

செப்டம்பரை நினைத்துக்கொள், ஸ்தேன்வோர்.
மலையிலிருந்து மந்தை இறங்குகிறது,
முதலில் வெறும் நூல்சிக்கல்.
பிறகு நடுத்தொழுவத்தில் அணிவகுப்பு.
பிறகு கொம்பைப் பற்றி
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
கடைசியில் கதவு அடைபடும்.
ஆனால் செல்லுக்குள்
இரண்டு பட்டியிலும் நிற்பது அதே ஆடு.
இதை எங்கள் ஊரில் சொன்னால்
காதுக்குறியைக் காட்டு என்பார்கள்.

முட்டையின் கதை வேறு.
இவள் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே
இவளுடைய முட்டைகள் பிரியத் தொடங்கி
பாதியில் நின்றுவிட்டன.
ஐந்து வருடம் அப்படியே.
போன டிசம்பரில்தான் மீதி வேலை ஞாபகம் வந்து
ஐம்பத்து நான்கு குரோமோசோமில்
இருபத்தேழை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கின்றன.
பத்தொன்பதில் படிப்பைப் பாதியில் விட்டவள் நான்.
இந்தப் பக்கத்தை மட்டும்
மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

முதல் குட்டி வெள்ளை.
இரண்டாவது
ஆறிப்போன காப்பியின் நிறம்.

"தோர்கில்ஸின் பழுப்புக் கிடா வேலி தாண்டியிருக்கிறது"
என்று போனை எடுத்தான் தம்பி ஹால்வர்தூர்.
பொறு என்றேன்.
குறிபோடும் நீலக் கட்டியால்
பலகைச் சுவரில் பதினாறு கட்டம் வரைந்தேன்.
அம்மாவும் வெள்ளை, அப்பாவும் வெள்ளை.
வெள்ளை ஒரு போர்வை, அவ்வளவுதான்;
அடியில் கறுப்பும் படுத்திருக்கலாம், பழுப்பும்.
பன்னிரண்டு கட்டம் வெள்ளைக்கு,
மூன்று கறுப்புக்கு,
மூலையில் ஒன்றே ஒன்று இவனுக்கு.

"அப்படியானால் கிடா தாண்டவில்லையா?"
அது எனக்கு எப்படித் தெரியும்.
கட்டம் சாட்சி சொல்லாது.
நடக்கலாம் என்று இடம் விடும்.
அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.
சனிக்கிழமை எதற்கும்
வேலியைப் பார்த்துவிட்டு வருகிறானாம்.

மூன்றாவது இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை.
ஒரு மணிக்கு வந்தது,
தாடை குட்டையாக, மூச்சு இல்லாமல்.
வைக்கோலால் தேய்த்தேன். தலைகீழாகப் பிடித்து ஆட்டினேன்.
மறுபடி தேய்த்தேன்.

அறுபத்தோராம் பக்கம்:
பிரதி எடுக்கையில் நேரும் பிழைகளே
பரிணாமத்தின் மூலப்பொருள்.
நேற்றுத்தான் சிவப்பில் அடிக்கோடு இட்டிருந்தேன்.
இந்த மூலப்பொருள்
இரண்டு கிலோ இருக்கும். இன்னும் சூடாக இருந்தது.
ஜீனா, ஜனவரியில் தின்ற கெட்ட தீவனமா,
நோட்டில் பதில் இல்லை.
எதிர்ப்பட்டியில் பழுப்பன் பிழைத்துக்கொண்டு
முட்டி முட்டிப் பால் குடிக்கிறான்.

தகுதியுள்ளவை வாழும் என்று எழுதினால்
மதிப்பெண் தருவார்களாம்.
ஆயிரம் குளிர்காலம் இந்தக் கம்பளி நின்றது உண்மை.
நிற்காத கம்பளிகளை
யாரோ ஒருத்தி சாக்கில் சுற்றி
வெளியே கொண்டுபோய் வைத்திருப்பாள் என்பதும்.

சாக்கைக் கட்டும்போது கம்பி கீறியது.
கட்டைவிரலில் ரத்தம் இப்போது நின்றுவிட்டது.
தோலுக்கடியில் செப்டம்பர் தொடங்கியிருக்கும்:
சிக்கல், அணிவகுப்பு, இழுபறி, கதவு.

அனாஃபேஸ்.
மூன்றாவது அதுதான். அனாஃபேஸ்.

ஸ்நோத்ரா சுவரில் முதுகைத் தேய்க்கிறாள்.
மூலைக் கட்டத்தின் நீலம்
அவள் வெள்ளையில் ஒட்டிக்கொண்டது.