முப்பத்தொன்றாம் தேதிக் கட்டம்

சற்குணா,
பூசான் துறைமுகத்தில் சிக்னல் கிடைத்ததும்
புலனத்தில் மொத்தமாக வந்து கொட்டியது உன் பதினான்கு செய்தி.
பதின்மூன்று படம்: அலை, அலை, துருப்பிடித்த ஏணி, அலை.
ஒன்றில்தான் எழுத்து.
"அக்கா, இந்த வருசம் எனக்கு மெர்டேக்கா வரவே இல்லை."

நான் தோட்ட ஆபீசில் செக்ரோல் போடுகிறவள்.
வரவில்லை என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான்,
ஆள் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி.
நீ சொல்வதோ
ஆள் இருந்தான், நாள் வரவில்லை என்று.
அதற்கு என்னிடம் குறி இல்லை.

படுக்கும்போது ஆகஸ்டு முப்பது,
எழுந்தால் செப்டம்பர் ஒன்று.
நடுக்கடலில் ஒரு கோடாம், கண்ணில் படாதாம்.
சாப்பாட்டு அறைப் பலகையில் கேப்டன்
துண்டுத்தாள் ஒட்டியிருந்தாராம்:
31 கிடையாது. கடிகாரத்தைத் தொடாதீர்கள்.
உனக்கென்று கறி வைப்பதாகச் சொல்லியிருந்த
பிலிப்பீன்ஸ் சமையல்காரர்
உறைந்த கோழியைக் கையில் பிடித்தபடி
"இதை இனி எந்த நாளில் வைக்க?" என்று நின்றாராம்.

போகும்போது செம்பனை எண்ணெய் சுமந்து
அதே கோட்டைத் தாண்டி
இரண்டு செவ்வாய்க்கிழமை வாங்கினாயே,
அப்போது ஒரு வார்த்தை முறையிட்டாயா?

இங்கே முப்பத்தொன்று வந்தது. வெயிலோடு வந்தது.
ஜமாலுதீன் கடையில் பத்துக் கிலோ அரிசிக்கு ஒரு கொடி இலவசம்.
பழம் விடுமுறை பார்த்துப் பழுப்பதில்லை,
ரஃபிக்குலும் அவன் ஆட்களும் இரட்டைச் சம்பளத்துக்குக் குலை வெட்டினார்கள்.
"இன்றைக்கு எதற்கு லீவு?" என்று கேட்டான்.
"வெள்ளைக்காரன் போன நாள்."
"எங்கள் ஊரிலிருந்தும் போனானே" என்றான்,
அரிவாளைத் தீட்டிக்கொண்டே.

மத்தியானம் பந்திங்கில் பாதிப்பேர் மோரிப் கடற்கரையில்.
அப்பாவையும் கூட்டிப் போனேன்.
அங்கே ஒரு கல் நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா,
ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு
அவனை அடிக்க வந்திறங்கிய பட்டாளத்துக்கு நட்ட கல்.
வண்டியெல்லாம் சேற்றில் புதைந்ததாம்.
அதற்கு யாரும் விடுமுறை தரவில்லை.
நாள் தப்பி வந்தவர்களுக்குக் கல்தான் போல.

அதன் நிழலில் உட்கார்ந்து அப்பா பன் தின்றார்.
சட்டைப்பையில் அந்தச் சிவப்பு அடையாள அட்டை.
ஐம்பத்தேழில் அவருக்கு ஆறு வயது.
பெரட்டுக் களத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கொடி, ஒரு ரொட்டி.
ரொட்டியைத் தின்றது நினைவிருக்கிறதாம்,
கொடி எங்கே போனது என்று தெரியாதாம்.
சூராட் பெரானாக் மட்டும்
அன்றும் இல்லை, அதற்குப் பிறகு கேட்ட
எந்தக் கவுண்டரிலும் இல்லை.
உன் பாஸ்போர்ட் வந்த அன்று
கை கழுவிவிட்டு வந்து வாங்கிப் பார்த்தவர்,
வெற்றுப் பக்கங்களைக்கூட ஒவ்வொன்றாக.

ஒரு சட்டம் உண்டு, மாதாமாதம் நான் புழங்குவது:
விடுமுறைக்கு முந்தின நாளும் மறுநாளும்
வேலைக்கு வந்திருந்தால்தான் விடுமுறைச் சம்பளம்.
உனக்குக் கணக்கு சரி.
முப்பதாம் தேதி இஞ்சின் அறையில் இருந்தாய்,
ஒன்றாம் தேதியும் இருந்தாய்.
கம்பெனி தராவிட்டால் சொல், நான் சண்டை பிடிக்கிறேன்.

அப்பா
முந்தின நாள் இந்தத் தோட்டத்தில்தான் இருந்தார்.
மறுநாளும் இங்கேதான்.
அதற்கப்புறம் வந்த மறுநாள் அத்தனையும் இங்கேதான்.
கப்பலே ஏறாமல்
எந்த இடத்தில் தாண்டினார் உன் கோட்டை?
செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று உன் செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.
கடைசிவரை கேட்டுவிட்டு
"அந்தக் கோழி என்ன ஆயிற்று?" என்றார்.
கேட்டு எழுதச் சொல்கிறார்.
எழுது.