தானாக ஏறியது

முதலில் சக்கரத்தை நேராக நிறுத்து என்றான் ஆ லியோங்.
சாவியை எடு. பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்று,
அது துள்ளித் திரும்பாதபடி துணி சுற்று.
பிறகு பத்து நிமிடம் ஒன்றுமே செய்யாதே.

அந்தக் கடைசி வேலைக்குத்தான்
எண்பது வெள்ளி கூலி கேட்கிறான் என்று தோன்றியது.
சுவிட்சை மட்டும் வாங்கி வந்தேன்,
எங்கோ அறுபட்ட ஹாஃப் கட் காரிலிருந்து.

பீடோரில் ஞாயிற்றுக்கிழமைக்கும்
ஆலைப் புகையின் புளித்த வாடைதான்.
எங்கள் தாமானில் ஐம்பதடிக்கு ஒரு மேடு.
செம்பனை லோரி ஒவ்வொன்றிலும் குலுங்கி
ஒரு குலையையாவது உதிர்த்துவிட்டுப் போகும்.
இந்த ஊரில் வேகத்தைப் பிடித்து வைக்க
எதற்கு ஒரு பொத்தான் என்று அன்றே கேட்டேன்.
"ஹைவேக்கு" என்றார் பரஞ்சோதி.

ஹைவேயிலிருந்து மூன்று சமன் வந்தது.
மூன்றுக்கும் ஒரே பதில்:
"நான் அமுக்கல கோமளா, தானா ஏறுச்சு."
தானா ஏற அது என்ன, சாமியா?
இரண்டு வாரமாகச் சோற்றை மேசையில் மூடி வைப்பதோடு சரி.
சுவிட்சையே மாற்றிவிட்டால்
நாலாவது சமனுக்கு என்ன சொல்வார், பார்க்கலாம்.

நாலு நிமிடம்தான் ஆகியிருக்கிறது.

பேட்டரி பிரிந்த பிறகும்
காற்றுப்பைக்கென்று கொஞ்சம் மின்சாரம்
உள்ளே எங்கோ காத்திருக்குமாம்.
அவசரப்பட்டுத் தொட்டால்
முகத்தைக் காக்க வந்ததே முகத்தில் அறையும்.
துணி காயப்போடலாம். போடவில்லை.
காரின் இரும்பைத் தொட்டுக்கொண்டு
சும்மா நின்றேன்.
சும்மா நிற்பது இவ்வளவு நீளமென்று
எடைமேடைக் கிராணி வேலையில்
பதினெட்டு வருஷம் தெரியவில்லை.

பத்து.
ஸ்டீயரிங்கின் இரண்டு பக்க மூடிகள்.
உள்ளே நட்சத்திரத் தலை போல்ட்டு, பக்கத்துக்கு ஒன்று.
பை முன்னால் சரிந்தது. பின்னால் மஞ்சள் இணைப்பு:
பூட்டை நிமிர்த்தி மெதுவாக இழுத்தேன்,
தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல.
பையின் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி ஏந்திப் போய்
பின்னறை மூலையில்
மல்லாக்கப் படுக்க வைத்தேன்.
அதன்மேல் எதையும் வைக்கவில்லை. கதவைச் சாத்தினேன்.

இனி சுவிட்ச். இரண்டு திருகு, ஒரு வெள்ளை இணைப்பு.
கைக்கு வந்துவிட்டது.

'ரெஸ்யூம்' என்ற பக்கம் அமுங்கினபடி கிடந்தது.
நகத்தால் நெம்பினேன். எழவில்லை.
விளிம்பில் பழுப்பாக ஒரு பிசுக்கு.
அதற்குள் இரண்டு சிவப்பு எறும்பு,
சர்க்கரைக்குப் போய்த் திரும்பாதவை.

தைப்பிங் கல்யாணத்துக்குப் போன காலை.
பசியாற நேரமில்லை என்று
பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக்
என் கையில்தான் இருந்தது.
அந்த மூன்றாவது மேட்டில் பை வெடித்தது.
சேலையைத்தான் துடைத்தேன்.
முழு வழியும் சேலையைப் பற்றித்தான் பேசினேன்.

புதியது உட்கார்ந்துவிட்டது.
போல்ட்டு இறுக்கியாயிற்று. மஞ்சள் பூட்டு 'டக்' என்றது.
காருக்குள் யாரும் இல்லையென்று
இரண்டு முறை பார்த்துவிட்டுக் கறுப்பு வயரை மாட்டினேன்.
வெளியே நின்றே சாவியைத் திருகினேன்.
சிவப்பு விளக்கு எரிந்து, கொஞ்சம் யோசித்து, அணைந்தது.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வருவார்.
மூடியைத் திறந்தால் சோறு, கருவாட்டுக் குழம்பு,
பக்கத்தில் பழைய சுவிட்ச்.

எறும்புகளைத் தட்டிவிடவில்லை.
அவருடைய சாட்சிகள்.